மாத்திரையை விடுவதா பாதுகாப்பு?

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய குடல் நோய்கள் மலேசியாவில் இந்தியர்களிடையே விகிதத்தில் அதிகம் என மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இது நம் வீட்டுச் செய்தி.

நோயுள்ள பெண் கருவுற்றதும், "குழந்தைக்கு ஆகாது, மாத்திரையை விடு" என்பார்கள். அக்கறைதான், ஆனால் ஆபத்தானது. மருந்தை விட்டால் அழற்சி மீண்டும் கிளம்பலாம். குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் பிறக்கும் வாய்ப்பை அந்த அழற்சியே கூட்டுகிறது.

அமெரிக்காவில் மருத்துவர் உமா மகாதேவன் குழு 1,490 கர்ப்பங்களை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டது. தயோபியூரின், உயிரியல் மருந்துகளால் பிறவிக் குறைபாடுகள் கூடவில்லை. மெத்தோட்ரெக்சேட் போன்ற சிலவற்றையோ கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும்.

எதை விடுவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மாணவர்களே, வீட்டில் யாராவது "நிறுத்து" என்றால், "டாக்டரைக் கேட்டீர்களா?" என்று நீங்கள் கேளுங்கள்.