தை முதல் நாளும் கதிரவன் திரும்பும் நாளும்

பொங்கல் திருநாளைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஆண்டுதோறும் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. தை முதல் நாளன்று கதிரவன் வடதிசை நோக்கித் திரும்புகிறான் என்பதே அது. வாழ்த்து மடல்களும் அவ்வாறே கூறுகின்றன. இனி அவ்வாறு எழுதலாகாது என்பது என் கருத்து.

பூமி கதிரவனைச் சுற்றி வருவதால், கதிரவனே விண்மீன்களுக்கிடையே மெல்ல இடம்பெயர்வது போல் நமக்குத் தோன்றுகிறது. அத்தோற்றப் பாதையைப் பன்னிரண்டு சம பகுதிகளாக வகுத்து, அவற்றை இராசிகள் என்றனர். கதிரவன் மேடத்தில் நுழையும்போது சித்திரை பிறக்கிறது. மகரத்தில் நுழையும்போது தை பிறக்கிறது. பகுதிகள் சமமாயினும் மாதங்கள் சமமல்ல. ஜனவரித் தொடக்கத்தில் பூமி கதிரவனுக்கு மிக அருகில் விரைந்து செல்கிறது. ஆதலால் மார்கழி பெரும்பாலும் 29 நாட்களில் முடிந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில் மெதுவாகச் செல்வதால் ஆனி 32 நாட்கள் வரை நீளும். மாதப் பெயர்களை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்வோர்க்கு இது தெரிய வாய்ப்பில்லை.

கதிரவன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாளும் மகரத்தில் நுழையும் நாளும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு, தளர்ந்து சுழலும் பம்பரம் போல் மிக மெல்லத் தலையாட்டுகிறது. ஆகவே பருவங்களின் ஆண்டு, விண்மீன்களைக் கொண்டு கணக்கிடும் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் குறைவு. சிறிய வேறுபாடுதான், ஆயினும் அது எழுபது ஆண்டுகளில் ஒரு நாளாகப் பெருகும். இன்று இடைவெளி மூன்று வாரத்திற்கும் மேல்.

அப்படியாயின் பொங்கலை டிசம்பருக்கு மாற்ற வேண்டுமா? வேண்டும் என்பாரும் உளர். இந்திய அரசு 1957 மார்ச் 22 முதல் நடைமுறைப்படுத்திய தேசிய நாட்காட்டி பருவங்களையே பின்பற்றுகிறது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22இல் பிறக்கிறது. அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் கணக்கின்படியே சென்றால், நெடுங்காலத்திற்குப் பின் பொங்கல் பிப்ரவரியில் வரும். ஆயினும் ஒருவர் வாழ்நாளில் ஒரு நாள் நகர்வதற்காக இன்றே திருநாளை இடம்பெயர்க்க வேண்டியதில்லை. தமிழ் நாட்காட்டி பிழையானதன்று. அது விண்மீன்களை அளவுகோலாகக் கொண்டது. அசாமியரின் மாக் பிஹூவும் குஜராத்தியரின் உத்தராயணமும் அதே மகர நுழைவை ஒட்டியே வருகின்றன. தை பிறப்பு உண்மை. அன்றுதான் கதிரவன் திரும்புகிறான் என்பது மட்டுமே பழைய செய்தி.

என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டா. தில்லியில் வாழ்வோர் ஒரு மீட்டர் நீளமுள்ள கோலை மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் மிகவும் குறுகும் நேரத்தில் அளந்து பாருங்கள். கடிகாரத்தின் 12 மணி அதற்குப் பொருந்தாது. அந்நாட்களில் அங்கு உச்சிவேளை 12.20 முதல் 12.30க்குள் வரும். டிசம்பர் 22இல் நிழல் ஏறத்தாழ 128 செ.மீ. இருக்கும். பொங்கலன்று ஏறத்தாழ 119 செ.மீ. தான் இருக்கும். கதிரவன் முன்னரே திரும்பிவிட்டான் என்பதற்கு அந்த ஒன்பது செ.மீ. சான்று. பிற ஊர்களில் அளவுகள் மாறும். நிழல் குறைவது மாறாது. மூடுபனி விலகாவிடில் முன்பின் ஓரிரு நாள் அளந்தாலும் போதும்.