வெண்டைக்காய்க்குச் சனிக்கிழமை தெரியாது

ஸ்கூடாயில் ஒரு தாமானில் எங்கள் வரிசை வீடு. கார் நிற்கும் இடம் போக, வேலியோரம் இரண்டடி அகலத்துக்குச் செம்மண் மிச்சம். அதில் ஒரு கறிவேப்பிலை நிற்கிறது. வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாம் காலிச் சாய வாளிகளில். இதைத் தோட்டம் என்று சொன்னால் அம்மா சிரிப்பார். குளுவாங் பக்கம் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர் அவர். அவருக்குத் தோட்டம் என்றால் லயமும் பெரட்டுக்களமும் இருக்க வேண்டும்.

நான் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பாலத்தில் போக்குவரத்து நின்றது. வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். மகனுக்கு அப்போது ஆறு வயது. எப்போதோ அம்மா தாளில் மடித்துக் கொடுத்த வெண்டை விதைகள் அலமாரியில் கிடந்தன. இருவரும் அவற்றை இரவு முழுதும் ஊறவைத்து, வாளிக்கு இரண்டாக ஊன்றினோம். ஏழு வாரத்தில் காய் கண்டது. முதல் காயை அவன்தான் ஒடித்தான். அன்று வீடு முழுக்க அதே பேச்சு.

நம் மக்களுக்கு இது புதிதல்ல. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு நட்டு உயிர் பிழைத்த கதையைக் கேட்காத வீடு குறைவு. விலைவாசி ஏறிய 1974-இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடச் சொன்னார். பிறகு கோவிட். கஷ்டம் வந்தால் மண்வெட்டியைத் தேடுகிறோம். கஷ்டம் தீர்ந்ததும் அது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை.

2022 ஏப்ரல் முதல் தேதி தரைவழி எல்லை மீண்டும் திறந்தது. எனக்கும் பழைய வாழ்க்கை திரும்பியது. காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், திரும்ப இரவு எட்டரை. அப்போது ஜொகூரில் பள்ளிகளுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. சிங்கப்பூரில் எனக்குச் சனியும் ஞாயிறும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்க, வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான்.

அதனால் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளினேன். தண்ணீரையும்தான். வாரம் முழுக்க விட்டதற்கு ஈடாக, ஒவ்வொரு வாளியிலும் நிரம்ப ஊற்றுவேன். ஊற்றிய வேகத்தில் அடித்துளை வழியே ஓடிவிடும். நன்றாக ஊறிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரைச் சுற்றி மண் பொடியாக உதிர்ந்தது. ஒரேயடியாகக் காய்ந்துபோன மண்கலவை சட்டென்று தண்ணீரை ஏற்காது. ஓரத்தில் விழும் இடைவெளி வழியே நீர் வழிந்துவிடும். நான் இத்தனை வாரமும் தரைக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

தப்பிப் பிழைத்த செடிகளிலும் காய்கள் முற்றி, கத்திக்கும் அசையாமல் கிடந்தன. தொலைபேசியில் அம்மாவிடம் புலம்பினேன்.

“வெண்டைய ஒருநாள் விட்டு ஒருநாள் ஒடிக்கணும்யா. முத்த விட்டா செடி காய்ப்பையும் குறைச்சிக்கும். உன் லீவுக்காக அது காத்திருக்குமா?”

இது 2024-இல் நடந்தது. அந்த வாரமே ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நான் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் மகன் வந்து நின்றான்.

“அப்பா, ஒன்னு சொல்லணும்.”

“அசதியா இருக்குய்யா. சனிக்கிழமை சொல்லு.”

தலையாட்டிவிட்டுப் போனான். சனிக்கிழமை காலை முற்றிய காய்களை வெட்டிக்கொண்டே, “என்னமோ சொல்லணும்னியே” என்று கேட்டேன். “ஒன்னுமில்லப்பா. முடிஞ்சிருச்சு” என்றான்.

பிறகு மனைவி சொல்லித்தான் தெரிந்தது. முதலாம் ஆண்டிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்த நண்பன், குடும்பத்தோடு பினாங்குக்கு மாறிப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்துவிட்டதாம். அதற்கு முன் ஓர் இரவு அவன் வீட்டுக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்கத்தான் மகன் வந்திருக்கிறான். மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடத் தூரம்.

அன்று மாலை மகனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லப்பா” என்றான். பத்து வயதுப் பிள்ளை அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. என்னிடம் எதிர்பார்ப்பதை அவனும் குறைத்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு வந்தாலும், குளிப்பதற்கு முன் பத்து நிமிடம் வாசலில் நிற்பேன். கைபேசி உள்ளே இருக்கும். மகன் கைவிளக்கைப் பிடிப்பான். மண்ணில் இரண்டு விரற்கணு ஆழம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்த வாளிக்கு மட்டும் அடியில் மெதுவாக ஊற்றுவோம். இரவில் இலையை நனைப்பதில்லை. விரல் நீளத்துக்கு வந்த காயை ஒடிப்போம். முதல் இரண்டு வாரம் அவன் பெரிதாக எதுவும் பேசவில்லை. நானும் துருவவில்லை. காய்ந்த மண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும் என்பதை அதற்குள் கற்றிருந்தேன். மூன்றாம் வாரம், விளக்கைப் பிடித்தபடி, பினாங்கிலிருந்து நண்பன் பேசியதைத் தானாகச் சொன்னான்.

2025 ஜனவரி முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. இப்போது எங்களுக்கு இரண்டு நாள் சேர்ந்து கிடைக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் விடவில்லை.

பாலம் தாண்டி உழைக்கும் தம்பி தங்கைகளே, ஞாயிறு காலையில் இதைப் படித்துவிட்டுச் செடி வாங்கப் போனால் நல்லது. அதற்குத் தண்ணீர் தேவைப்படுவது நாளை இரவு, நீங்கள் களைத்து வீடு திரும்பும்போது. வாசலில் யாராவது “ஒன்னு சொல்லணும்” என்று நின்றால், அங்கேயே கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.