எதிரியின் வேரைத் தொடத் தயங்கிய யுத்தம்

1861 ஏப்ரல் 12-ல் தென் மாநிலங்களின் பீரங்கிகள் சம்ட்டர் கோட்டையைத் தாக்கின. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஜனத்தொகை, ஆலைகள், ரயில் பாதைகள், கப்பற்படை அனைத்திலும் வடக்கின் கையே ஓங்கியிருந்தது. ஆயினும் கிழக்குப் போர்முனையில் ஒன்றரை ஆண்டுக் காலம் அது திணறியது. ஏன்?

தளபதிகள் திறமையற்றவர்கள் என்பார்கள். அது பாதி உண்மையே. 1861 ஜூலையில் புல் ரன்னில் சிதறி ஓடிய சேனையை ஒழுங்குபடுத்திப் பயிற்சி தந்தவர் ஜெனரல் மெக்கிளெலன். ஆனால் 1862 ஏப்ரலில் யார்க்டவுனில் தம்மை முதலில் எதிர்த்து நின்ற சுமார் 13,000 பேரைக் கண்டு, பல மடங்கு பெரிய சேனையோடு ஒரு மாதம் முற்றுகையிட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரித் தளபதி மக்ரூடர் இருந்த சிப்பாய்களையே அங்குமிங்கும் நடக்கவிட்டுப் பெரும்படைபோலக் காட்டினார், இவர் நம்பினார்.

வடக்கின் சிப்பாய்க்குத் தைரியமில்லையா? அதே ஆண்டு பிப்ரவரியில் மேற்கே ஜெனரல் கிராண்ட் டானல்சன் கோட்டையைப் பிடித்து 12,000 பேருக்கு மேல் சிறைப்படுத்தினாரே!

நோய் வேறிடத்தில் இருந்தது. தெற்கின் வயல்களில் உழைத்தவர்கள் அடிமைகள். அதன் கொத்தளங்களைக் கட்டியதிலும் அவர்கள் உழைப்பு இருந்தது. அந்த உழைப்பைப் பறித்தால் எதிரியின் முதுகெலும்பு முறியும். 1861 ஆகஸ்டில் மிசௌரியில் ஜெனரல் பிரீமாண்ட், கலகக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். எல்லை மாநிலங்கள் கைநழுவும் என்று அஞ்சிய லிங்கன் அந்த அறிவிப்பை மாற்றினார். மெக்கிளெலனோ 1862 ஜூலையில், அடிமை முறையைப் பலாத்காரமாக ஒழிக்க எண்ணவே கூடாது என்று லிங்கனுக்கே எழுதினார். எதிரியின் சொத்துக்குக் காவல் நிற்க விரும்பும் தளபதி, எதிரியை எப்படி முழுமூச்சோடு அடிப்பார்?

தலைவர்கள் தயங்கியபோது அடிமைகள் தயங்கவில்லை. 1861 மே மாதமே, தெற்கின் அரண் வேலையிலிருந்து மூவர் தப்பி மன்ரோ கோட்டைக்கு வந்தனர். ஜெனரல் பட்லர் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். அவர்களைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர்.

1862 செப்டம்பர் 17-ல் ஆண்டீட்டத்தில் ஒரே நாளில் இருதரப்பிலும் சுமார் 23,000 பேர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற் போயினர். பின்வாங்கிய லீயை மெக்கிளெலன் தப்பவிட்டார், நவம்பரில் பதவியிழந்தார். இதற்கிடையே செப்டம்பர் 22-ல் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தை முன்னறிவித்தார்; 1863 ஜனவரி 1-ல் அது அமலுக்கு வந்தது. யுத்தம் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் தரைப்படையில் போரிட்டனர்.

தளபதியை மாற்றியது மட்டும் போதவில்லை. யுத்தத்தின் நோக்கமும் மாற வேண்டியிருந்தது. இதுவே அந்த முதல் ஒன்றரை ஆண்டின் ரத்தம் நமக்குச் சொல்லும் பாடம்.