மறுபடியும் தனி அதிகாரியா?

சேரன்மகாதேவியிலிருந்து காலை ரயிலிலும் பஸ்சிலும் நெல்லைக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் இரண்டு நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். வீட்டு வரி கட்டுவது பேரூராட்சிக்கு. பகலெல்லாம் மிதிப்பது மாநகராட்சி ரோட்டை. இரண்டு மன்றத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் 2022 மார்ச் 2-ந் தேதி பதவி ஏற்றவர்கள். அவர்களுடைய ஐந்து ஆண்டு 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது.

முடிந்த பிறகு யார்?

கேள்வியை இப்போதே கேட்டு வைப்பது நல்லது. போன தடவை பட்ட பாடு அப்படி!

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். வேட்புமனுவும் வாங்கினார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியில்லை என்று தி.மு.க. தரப்பில் வழக்கு. அறிவிப்பே விதிப்படி இல்லை என்று அக்டோபர் 4-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. டிசம்பர் 31-க்குள் தேர்தலை நடத்தி முடிக்கவும் உத்தரவிட்டது.

டிசம்பர் 31 வந்தது, போனது. தேர்தல் வரவில்லை. வந்தவர் தனி அதிகாரி.

ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று அவருடைய பதவியை நீட்டிக்கொண்டே போனார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் கிராமங்களுக்கு மட்டும் தேர்தல் நடந்தது. தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததால் நெல்லைக்கு அதுவும் இல்லை. நமது கிராமங்களுக்கு 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் பெட்டி வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19. ஆக, கவுன்சிலரே இல்லாமல் கழிந்த காலம் ஐந்து வருஷம் நாலு மாதம். ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட அதிகம்!

இத்தனைக்கும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1993 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகர மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை என்கிறது. அந்த ஐந்து ஆண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்கிறது. வார்டு பிரிப்பது போன்ற வேலைகளைக் காலாகாலத்தில் முடிக்காமல் வைத்துக்கொண்டு, அதையே சாக்காகச் சொல்லித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று 2006-ல் ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் கண்டித்துச் சொல்லிவிட்டது.

இந்தத் திருத்தம் எதற்காக வந்தது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். இருபத்து மூன்று வருஷம்! நமது நெல்லை மாநகராட்சியும் 1994 ஜூன் 1-ந் தேதி பிறந்தபோது கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது.

தனி அதிகாரி வந்தால் என்ன கெட்டுப்போகிறது? அவரும் படித்தவர், கை சுத்தமானவராகவும் இருக்கலாம். ஆனால் முறை என்ன? மாநகராட்சியில் கமிஷனர், பேரூராட்சியில் செயல் அலுவலர் ஒரு விஷயத்தை மன்றத்தின் முன் வைக்க வேண்டும். மன்றம் அதைப் பார்த்து, கேள்வி கேட்டு, தீர்மானம் போட வேண்டும். 2016-ல் நடந்தது என்ன? அதே கமிஷனர், அதே செயல் அலுவலர்தான் தனி அதிகாரி. வைத்தவரும் அவரே, நிறைவேற்றியவரும் அவரே. டெண்டர் என்றாலும் வரி என்றாலும் கேள்வி கேட்க எதிரே ஒரு நாற்காலி இல்லை.

2018 ஜூலையில் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, கடை கண்ணிக்கு 100 சதவீதம் வரை சொத்து வரியை உயர்த்த உத்தரவு வந்தது. அப்போது எந்த மன்றமும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்த 2019 நவம்பரில் அதே உயர்வை நிறுத்தி வைத்தார்கள். ஓட்டுக்கு உள்ள மரியாதை அவ்வளவு!

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று 14-வது நிதிக் குழுவின் மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்ததும் அந்தக் காலத்தில்தான். சாக்கடைக்கும் தெருவிளக்கும் வர வேண்டிய பணம் அது.

"அண்ணாச்சி, கவுன்சிலர் இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சாவ?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புது மன்றம் வந்து ஒரு மாதத்தில், 2022 ஏப்ரலில், 25 முதல் 150 சதவீதம் வரை சொத்து வரி உயர்வு வந்தது. அரசு சொன்னதற்குப் பெரும்பாலான மன்றங்கள் கை தூக்கின. நெல்லையில் மேயருக்கும் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் நடந்த மல்லுக்கட்டு ஊரறிந்தது. 2024 ஜனவரி 12-ந் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானக் கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை. ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். ஆகஸ்டு 5-ந் தேதி புது மேயரைத் தேர்ந்தெடுத்தபோதும் ஆளுங்கட்சிக்குள்ளேயே போட்டி, 30-க்கு 23.

வேடிக்கைதான். ஆனால் அது நம் கண் முன்னால் நடந்த வேடிக்கை. யார் எந்தப் பக்கம் நின்றார் என்று நமக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். தனி அதிகாரியிடம் என்ன கணக்குத் தீர்ப்பது? மாற்றல் உத்தரவு வந்தால் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். ராத்திரி தெருவுக்குள் வெள்ளம் வந்தால் கதவைத் தட்ட, பக்கத்துத் தெருவில் ஒரு கவுன்சிலர் வீடாவது வேண்டாமா?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 27 மாவட்டக் கிராம ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், தேர்தல் வரவில்லை. தனி அதிகாரிகள்தான் வந்தார்கள்.

2027-ல் இன்னொரு சாக்கும் தயாராக நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மத்திய அரசு குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. மன்றங்களின் ஆயுள் முடிவதும் அதே வாரம்! வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போவதும் வாத்தியார்கள், வாக்குச்சாவடியில் உட்காருவதும் வாத்தியார்கள். "கணக்கு முடியட்டும், புது ஜனத்தொகைப்படி வார்டு பிரிப்போம், பிறகு பார்ப்போம்" என்று ஒரு குரல் கிளம்பினால், 2016 மறுபடி வந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே கணக்கெடுப்புக்கு முன்பே நகர்ப்புறத் தேர்தலை முடிக்க மாநில தேர்தல் ஆணையம் தேதி குறிக்க வேண்டும். எந்த வார்டு பெண்களுக்கு, எது ஆதிதிராவிடருக்கு, எது பழங்குடியினருக்கு என்ற பட்டியலைக் கடைசி வாரத்தில் வெளியிட்டு வழக்குக்கு வழி வைக்கக் கூடாது. ஆட்சேபம் உள்ளவர்கள் ஐகோர்ட்டுக்குப் போய், தீர்ப்பும் வாங்கி வருகிற அளவுக்கு அவகாசம் விட்டு, அந்தப் பட்டியலைச் சேரன்மகாதேவி பேரூராட்சி ஆபீஸ் முதல் நெல்லை மாநகராட்சி வரை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.