முப்பது ஹேஷ்டேக் எதற்கு?

லிங்க்ட்இன் பதிவுக்குக் கீழே முப்பது ஹேஷ்டேக்கை அள்ளிக் கொட்டினால்தான் நாலு பேர் பார்ப்பார்களாம். பெங்களூரில் இருந்துகொண்டே இப்படிச் சொல்லலாமா? 2016-இல் சாளுக்கியா சர்க்கிள் பக்கமிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் கட்டப் பார்த்தார்கள். அதிகாரிகள் கணக்கிலேயே 812 மரங்கள் போயிருக்கும். போராட்டத்தின் முகமாக நின்றது '#ஸ்டீல்ஃபிளைஓவர்பேடா' என்ற ஒற்றை ஹேஷ்டேக் (கன்னடத்தில் 'பேடா' என்றால் 'வேண்டாம்'). எதைப் பற்றிய பேச்சு, என்ன கோரிக்கை, இரண்டும் அதிலேயே இருந்தன. அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. (தெருவில் ஆள் நிற்காமல் ஹேஷ்டேக் மட்டும் பாலத்தைத் தடுத்திருக்காது, அது வேறு.)

லிங்க்ட்இன் பதிவுக்கும் இதே கணக்குதான். ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்கு ஜாவா தெரிந்த ஆள் வேண்டுமென்றால் '#ஜாவா', '#பெங்களூருஜாப்ஸ்' போதும். கூடவே '#மோட்டிவேஷன்', '#சக்சஸ்' எதற்கு? வேலை தேடுகிறவர் அதையா தட்டித் தேடப்போகிறார்?