ரேகை தேய்ந்தவளுக்கு அரிசி இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில், பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "ஏழைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் கொடுத்தால் போதும் சார். லஞ்சம், இடைத்தரகர், வறுமை எல்லாம் காணாமல் போய்விடும்." நாற்பது பேர் கைதட்டியிருந்தீர்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் ஊர் ரேஷன் கடையில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். வெறும் பையோடு திரும்பிக்கொண்டிருந்தார். "ரேகை விழலையாம் சார். மூணு தடவை வந்துட்டேன். நாத்து நட்ட கையில ரேகை எங்கேருந்து இருக்கும்?" என்றார். போனுக்கு எண் வருமே என்று கேட்டேன். கார்டில் பதிந்த நம்பர் மகனுடையது. மகன் திருப்பூரில் ஷிப்டில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "கையெழுத்துப் போட்டுத் தாரேன்னு சொன்னேன் சார். அது செல்லாதாம்."

அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் அவர் பெயரை எழுதப் பழக்கினோம். கைநாட்டு என்ற இழிவு ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் போனோம். அப்போதுதான் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். சைக்கிளும் ஒரு கருவிதானே? அது ஏறி உட்கார்ந்தவள் சொன்ன திசையில் போனது. இன்று வந்திருக்கும் கருவியோ, எழுதத் தெரிந்தவளிடம் மறுபடியும் கட்டைவிரலைக் கேட்கிறது. விரலும் சரியில்லை என்று விரட்டுகிறது.

கடைக்காரத் தம்பி கெட்டவர் இல்லை. கருவியில் பில் விழாமல் அரிசி போட்டால் இருப்புக் கணக்கில் அவர்தான் மாட்டுவார். கருவியில் வந்த வாசகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பீர்களா? 2017இல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டை நீக்கியிருந்தார்கள். பட்டினி என்றார் தாய். மலேரியா என்றது அரசு. அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் ரேஷன் அரிசி போகவில்லை என்பது மட்டும் மாறவில்லை. கைரேகை விழாததற்காக யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று அதன்பின் மத்திய அரசே சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை எங்கள் ஊர்க் கடை வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தளங்களில் செயலி வழியாகத்தான் வருகைப்பதிவு, நாளைக்கு இரண்டு போட்டோ என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத கண்மாய்க்கரையில் போட்டோ ஏறவில்லை என்றால் யார் கூலி போகும்? செயலி எழுதியவர் கூலியா?

"வாத்தியாருக்கு வயசாகிவிட்டது, கம்ப்யூட்டர் என்றால் பயம்" என்று சிரிக்காதீர்கள். இந்தப் பதிவையே செல்போனில்தான் தட்டுகிறேன். கருவி ஏழைக்கு உதவும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்து கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. மக்களுக்கு என்ன தகவல் தேவை என்று முதலில் கேட்டார்கள். அதன்பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், அதில் பெண்கள் நிறையப் பேர். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை உயரம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவர் காதிலும் விழுந்தது.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து கடல் வருகிறது என்று எச்சரித்தார். உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் இருந்த ஊர் கரையை விட்டு ஓடித் தப்பியது. வீடும் படகும் போயின, உயிர் நின்றது.

மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் ஊர் ஊராக இணையக் கியோஸ்க் வைத்தார்கள். அங்கிருந்து கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நல்ல வேலைதான். ஆனால் நடத்துபவருக்கு வருமானமும், அரசு அலுவலகத்தின் ஒத்துழைப்பும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் பல மையங்களுக்குப் பூட்டு விழுந்தது.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நல்லவாட்டில் கருவி மக்களுக்குச் சேதி சொன்னது. ரேஷன் கடையில் கருவி மக்களைச் சந்தேகப்படுகிறது. கம்பி ஒன்றுதான், மின்சாரம் ஒன்றுதான். அது யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அதனால் நான் கேட்பது மூன்றே மூன்று. கருவி தவறினால் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே பொருள் தர வேண்டும். பக்கத்தில் நின்று உதவ, சம்பளம் வாங்கும் உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். திரையில் வருவது எல்லாம் தமிழில் இருக்க வேண்டும்.

செயலி எழுதும் என் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு மணி நேரம் ரேஷன் கடை வரிசையில் நில்லுங்கள். எத்தனை பேர் வெறும் பையோடு திரும்புகிறார்கள் என்று எண்ணுங்கள். அதன்பிறகும் போன் கொடுத்தால் போதும் என்று தோன்றினால், இங்கே வந்து எழுதுங்கள். நான் கைதட்டுகிறேன்.

அந்த அம்மாவுக்கு நான்காவது நாள் அரிசி கிடைத்தது. நானும் கூடப் போயிருந்தேன். வாத்தியார் கூட வராதவர்களுக்கு?

கோபம் இருந்தால் கமெண்டில் திட்டுங்கள். ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என்றும் உங்கள் கணக்கு வாத்தியார்.