கர்ப்பம்னு தெரிஞ்சதும் லூபஸ் மாத்திரையை நிறுத்தலாமா?

‘பாசிட்டிவ்’னு தெரிந்த அன்றே வீட்டில் ஒரு குரல் வரும்: “இனிமே அந்த மாத்திரையெல்லாம் வேண்டாம்மா, குழந்தைக்கு ஆகாது.” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் லூபஸ் இருக்கும் பெண்ணுக்கு அந்த அக்கறையே ஆபத்தாகலாம்.

லூபஸில் நம் நோய் எதிர்ப்பு சக்தியே நம் உடலைத் தாக்குகிறது. மருந்து நின்றால் அது சும்மா இருக்காது. கர்ப்ப காலத்தில் நோய் தீவிரமானால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், ரத்த அழுத்தம் எகிறலாம், குறைப்பிரசவம் ஆகலாம், கருவே கலையலாம். அதனால்தான் ஹைட்ராக்சிகுளோரோகுயினை (கொரோனா நேரத்தில் ஊரே பேசிய அதே மாத்திரைதான்) கர்ப்பம் முழுக்கத் தொடரச் சொல்கிறது அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2020 வழிகாட்டுதல்.

அதற்காக எல்லா மாத்திரையும் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும்; கரு தரிப்பதற்கு 1 முதல் 3 மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். மைக்கோபினோலேட் என்றால் குறைந்தது 6 வாரம். இவற்றை எடுக்கும்போதே கர்ப்பம் தெரிந்தால், உடனே நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை கர்ப்பத்துக்கு முன்பே ரூமட்டாலஜிஸ்ட்டிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். நோய் குறைந்தது 6 மாதமாவது அடங்கியிருந்தால் கர்ப்பம் நல்லபடியாகப் போக வாய்ப்பு அதிகம். அதுவரை கருத்தடை தேவை. நம்ம ஊரில் இடிப்பது இங்கேதான். கல்யாணப் பேச்சில் நோயை மறைத்துவிடுகிறார்கள். புகுந்த வீட்டில் ஒளித்து மாத்திரை போடுகிற பெண் எப்படி ஆறு மாதத் திட்டம் போடுவாள்? “குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்” என்று எந்தக் காரணத்தைச் சொல்வாள்? கணவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. சல்ஃபாசலசைன் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகிவிடும். குழந்தை தள்ளிப்போகிறது என்று மனைவியை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பும் முன் கணவரின் மருந்துச் சீட்டையும் பாருங்கள்.

முடக்குவாதம் பலருக்கு கர்ப்பத்தில் தணிந்து, பிரசவத்துக்குப் பின் திரும்பிவிடும். கைக்குழந்தையைத் தூக்க மணிக்கட்டு ஒத்துழைக்காத நேரம் அது. அப்போது என்ன மருந்து, தாய்ப்பாலோடு அது ஒத்துவருமா என்று எட்டாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள்.